நிறைவேறாத கனவுக்கு ஒரு நாவலில் என்ன வேலை?

தென்னாப்பிரிக்காவில் டர்பனில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலில் ஒருவருடைய கனவும் நிறைவேறவில்லை. கூலிவேலை செய்கிறவன் கனவு காண்பதே வீண் என்றுதான் ஆசிரியர் சொல்கிறாரா? நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்த கதையோடு இதை ஒப்பிட்டு எழுதலாமா?"

தம்பி, வீண் என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்பிடலாமா என்றால், தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் எந்த இடத்தில் இரண்டும் பொருந்துகின்றன, எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்த்து எழுத வேண்டும். இரண்டுமே ஏழைகளின் கதை என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிட்டால் ஒரு பயனும் இல்லை.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937இல் வந்த சின்ன நாவல். கலிஃபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கு, சோலிடாட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை. ஜார்ஜ், லென்னி என்று இரண்டு பேர் அங்கே வேலைக்கு வருகிறார்கள். லென்னிக்கு மாட்டு பலம், குழந்தை மனசு. மிருதுவான எதைப் பார்த்தாலும் தடவிப் பார்க்கத் தோன்றும், அதனாலேயே வம்பில் மாட்டுவான். ஜார்ஜ் அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். காசு சேர்த்துச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது இருவருடைய கனவு. கடைசியில் முதலாளி மகன் கர்லியின் மனைவி லென்னியின் கையில் தவறுதலாகச் செத்துப்போகிறாள். கர்லியின் ஆட்கள் வந்து லென்னியைப் பிடிப்பதற்குள் ஜார்ஜே அவனைச் சுட்டுவிடுகிறான்.

இப்போது அந்தக் கனவுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பலரும் "சொந்த நிலம்" என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். ஜார்ஜ் அப்படிச் சொல்வதில்லை. பத்து ஏக்கர், சின்னதாக ஒரு காற்றாலை, ஒரு குடிசை, கோழிக்கூண்டு, அடுப்படி, செர்ரி, ஆப்பிள், பீச் மரங்கள், லென்னி ஆசைப்படும் முயல்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அதற்கப்புறம் வருவதுதான் முக்கியம். குளிர்காலத்தில் மழை பெய்தால் இன்றைக்கு வேலை இல்லை என்று நாமே சொல்லிக்கொண்டு, அடுப்பை மூட்டி, கூரைமேல் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஊரில் சர்க்கஸோ பந்தாட்டமோ வந்தால் யாரிடமும் உத்தரவு கேட்காமல், மாட்டைக் கறந்துவிட்டு, கோழிக்குத் தீனி போட்டுவிட்டுக் கிளம்பலாம். சிநேகிதன் வந்தால் படுக்க இடம் கொடுக்கலாம். பிடிக்காதவனைப் போகச் சொல்லலாம்.

இதில் ஆடம்பரம் ஏதாவது இருக்கிறதா? பணக்காரனாக வேண்டும் என்ற ஆசைகூட இல்லை. பண்ணைக்கூலிக்கு எது எது கிடையாதோ அதெல்லாம் அந்தப் பட்டியலில் வரிசையாக வருகிறது. நினைத்தபோது ஓய்வு, ஒரே இடத்தில் இருப்பு, யாரை உள்ளே விடுவது என்ற உரிமை. அதனால், இந்த நாவலில் கனவின் முதல் வேலை இதுதான் என்று நான் சொல்வேன்: கூலி வாழ்க்கை ஒரு மனிதனிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது என்பதை அது கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் நேராக வந்து பண்ணை முதலாளிகளைத் திட்டவில்லை. இரண்டு ஏழைகள் ஆற்றங்கரையில் படுத்துக்கொண்டு எதற்கு ஆசைப்படுகிறார்கள் என்று மட்டும் எழுதுகிறார். படிக்கிறவனுக்குக் குறை எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

நிஜமான கணக்கும் நாவலில் வருகிறது. என்னைக் கேட்டால் புத்தகத்திலேயே உயிரான இடம் அதுதான். கேண்டி என்று ஒரு கிழவன், அந்தப் பண்ணையிலேயே ஒரு கையைப் பறிகொடுத்தவன், கூலிகள் தங்கும் கொட்டகையைப் பெருக்குகிறவன். அவனுடைய வயதான நாயை, நாற்றம் தாங்கவில்லை என்று சொல்லி, சற்று முன்புதான் கார்ல்சன் என்ற சக கூலி வெளியே கூட்டிப்போய்ச் சுட்டிருக்கிறான். ஜார்ஜும் லென்னியும் நிலத்தைப் பற்றிப் பேசுவது கேண்டியின் காதில் விழுகிறது. மொண்டிக் கையைச் சொறிந்துகொண்டே தயங்கித் தயங்கி வாயைத் திறக்கிறான். கை போனதற்கு நஷ்டஈடாக வந்தது 250 டாலர். வங்கியில் சேர்த்து வைத்தது 50. மாசக் கடைசியில் வரவேண்டியது இன்னும் 50. ஆக 350. ஜார்ஜ் மனதில் வைத்திருக்கும் நிலத்தின் விலை 600. அதன் சொந்தக்காரர்கள் கையில் காசில்லாத வயதானவர்கள், அந்தக் கிழவிக்கு அறுவை சிகிச்சை வேறு ஆகவேண்டும். ஜார்ஜும் லென்னியும் ஒரு மாசம் ஒரு காசும் செலவழிக்காமல் வேலை செய்தால் இருவர் சம்பளமும் சேர்ந்து 100. மொத்தம் 450. அந்தப் பணத்துக்கே முடித்துவிடலாம் என்று ஜார்ஜ் சொல்கிறான்.

சொன்னதும் மூன்று பேரும் வாயடைத்துப் போகிறார்கள். அதுவரை லென்னியைத் தூங்கவைக்கச் சொல்லும் கதைபோல இருந்தது, ஒரு மாசக் கூலி தூரத்தில் வந்து நிற்கிறது. அந்தத் தொகையில் பாதிக்கு மேல் கிழவனின் கைக்குக் கொடுத்த விலை என்பதையும் கவனியுங்கள். இவ்வளவு காலம் உழைத்துச் சேர்த்தது 50, கை போனதற்குக் கிடைத்தது 250. உழைப்பைக்கொண்டு மட்டும் அந்த நிலத்தை வாங்க முடியாது, உடம்பில் ஒரு பாகத்தையும் கொடுத்தால் ஒருவேளை முடியும். இதை ஆசிரியர் எங்கேயும் விளக்கிச் சொல்வதில்லை, எண்களை மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்.

கேண்டி ஏன் சேர விரும்புகிறான்? நாயைச் சுட்டதைப் பார்த்துவிட்டான். பெருக்கவும் முடியாமல் போனால் தன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அப்படி அனுப்பும்போது தன்னையும் யாராவது சுட்டுவிட்டால் நல்லது என்றே சொல்கிறான். அவனுடைய கனவில் முயல் இல்லை. தோட்டத்தில் களை கொத்தலாம், பாத்திரம் கழுவலாம், துரத்தமாட்டார்கள், அவ்வளவுதான். ஒரே நிலம், அதில் லென்னிக்கு வேண்டியது ஒன்று, கேண்டிக்கு வேண்டியது இன்னொன்று. ஜார்ஜ் என்ன செய்கிறான்? மற்றவர்கள் மாசக் கடைசியில் ஊருக்குள் போய்ச் சம்பளத்தைத் தொலைக்கும்போது, தான் போனாலும் ஒரு மிடறு விஸ்கியோடு நிறுத்திக்கொள்வேன், பெண்ணுக்காக இரண்டரை டாலர் கொடுக்கமாட்டேன் என்கிறான். கனவு அவனை அன்றாட வாழ்க்கையில் ஒழுங்காக நடக்க வைக்கிறது. வீண் என்று சொல்லுமுன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் கதைக்கு வருவோம். 1860 நவம்பர் 16ஆம் தேதி, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர், அதில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துத் தமிழர்களும் தெலுங்கர்களும். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாசம் 10 ஷில்லிங், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதற்கு "டபுள் கட்" என்றே பெயர். காய்ச்சலில் படுத்தவனும் இதில் மாட்டினான். இந்தக் கூலியில் மிச்சம் பிடிப்பதென்றால் எப்படி இருந்திருக்கும் என்று ஜார்ஜின் 50 டாலர் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஜார்ஜ் ஒரு நாள் உட்கார்ந்தால் அந்த நாள் கூலி போகும். நம் ஆட்கள் உட்கார்ந்தால் உழைத்த நாளின் கூலியும் சேர்ந்து போகும்.

நம்மவர்களுக்கும் நிலக்கனவு இருந்தது. ஒரு முக்கியமான வித்தியாசமும் இருந்தது. இங்கே அந்தக் கனவைச் சட்டமே எழுதிக் கொடுத்திருந்தது. ஒப்பந்தம் முடிந்து, மொத்தம் பத்து வருடம் நேட்டாலில் (டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனி) இருந்தவருக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம் உண்டு. அது வேண்டாம் என்றால் அதன் மதிப்புக்கு அரசு நிலம் கேட்கலாம் என்று ஆரம்பச் சட்டத்தில் இருந்தது. மிகச் சிலருக்கே அது கிடைத்தது, 1891இல் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். 1895இல் அடுத்த அடி. அதற்குப் பின் வந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இருப்பவர் வருடத்துக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், முதல் வருடக் கூலியில் ஆறு மாசச் சம்பளம். பின்னால் வளர்ந்த பிள்ளைகள் தலையிலும் அது விழுந்தது. வரி கட்ட முடியாதவர் என்ன செய்வார்? மறுபடியும் தோட்டத்துக்கே கைநாட்டு வைப்பார். கரும்பு முதலாளிகளுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆகையால் ஒப்பிட்டு எழுதும்போது இதை நடுவில் வையுங்கள்: ஸ்டைன்பெக்கின் நாவலில் கனவை உடைப்பது ஒரு விபத்துபோலத் தெரிகிறது, நேட்டாலில் உடைத்தவர்கள் யார், எந்த வருடம், எந்தச் சட்டத்தால் என்று பெயர் சொல்ல முடியும். விபத்து "போல" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன். இன்னொரு வித்தியாசம், நம் ஆட்கள் எதிர்த்தார்கள். 1913இல் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. மவுண்ட் எட்ஜ்கம்ப் பக்கத்தில் தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தாள். அந்த வருடமே 3 பவுன் வரி ஒழிந்தது. ஸ்டைன்பெக்கின் பண்ணையில் யாருக்கும் ஒன்றுசேர வேண்டும் என்று தோன்றவே இல்லை. மூன்று பேர் சேர்ந்து ஒரு நிலம் வாங்க நினைத்ததுதான் அங்கே நடந்த மிகப் பெரிய ஒற்றுமை.

வரி ஒழிவதற்கு முன்பே குத்தகைக்கு நிலம் பிடித்துக் காய்கறி போட்டு, விடிவதற்குள் கூடையைத் தலையில் வைத்து டர்பன் தெருக்களில் விற்றவர்களும் இருந்தார்கள். பின்னால் சிலர் சொந்த நிலமே வாங்கினார்கள். பாதி நிறைவேறிய கனவு என்று அதைச் சொல்லலாம். 1950இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது, டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் மாமரமும் வாழையும் வைத்து வாழ்ந்த குடும்பங்களை அறுபதுகளில், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். கேண்டியின் 350 டாலரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரங்கள்தான் ஞாபகம் வரும். நிலம் வாங்கிய பிறகும் இங்கே இருக்கலாமா என்பதை இன்னொருவன் முடிவு செய்தான். ஜார்ஜின் பட்டியலில் "யாரும் நம்மைத் துரத்த முடியாது" என்ற எண்ணத்துக்கு ஏன் அவ்வளவு எடை என்பது இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

இதனாலேயே க்ரூக்ஸ் வரும் அத்தியாயத்தை நம்மவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். அவன் கறுப்பினத்தவன், முதுகு கோணியவன், குதிரை லாயத்தில் வேலை. மற்ற கூலிகளின் கொட்டகைக்குள் அவனை விடமாட்டார்கள், சேணம் வைக்கும் அறையில் தனியாகப் படுக்கிறான். அவனுடைய சாமான்களில் கிழிந்துபோன ஒரு சட்டப் புத்தகம், 1905ஆம் வருடத்துக் கலிஃபோர்னியா சிவில் சட்டம். உரிமை என்ன என்று எழுதிவைத்த புத்தகம் கையில் இருக்கிறது, உரிமை இல்லை. லென்னி வந்து நிலத்தைப் பற்றிச் சொன்னதும் அவன் எள்ளுகிறான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொருவன் தலையிலும் ஒரு துண்டு நிலம் இருக்கும், ஒருத்தனுக்கும் கிடைத்ததில்லை, சொர்க்கம் மாதிரிதான் அதுவும் என்கிறான். "கனவு வீண்" என்று எழுதுகிறவர்கள் மேற்கோள் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

ஆனால் அதே அறையில், அதே இரவில், கேண்டி வந்து பணம் தயாராக இருக்கிறது என்று சொன்னதும் க்ரூக்ஸின் குரல் மாறுகிறது. கூலி வேண்டாம், சோறு போட்டால் போதும், நானும் வந்து உழைக்கட்டுமா என்று கேட்கிறான். அவ்வளவு கசப்போடு பேசியவனே கேட்கிறான்! சிறுவயதில் அவன் அப்பாவுக்குக் கோழிப்பண்ணை இருந்தது, அந்த வாழ்க்கையை அவன் மறக்கவில்லை. சிறிது நேரத்தில் கர்லியின் மனைவி வருகிறாள். வாயைத் திறந்தால் உன்னை மரத்தில் தொங்கவிட முடியும் என்று மிரட்டுகிறாள். அவன் ஒடுங்கிப்போகிறான். அவர்கள் கிளம்பும்போது, நான் சொன்னதை மறந்துவிடுங்கள், விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறான். மற்றவர்களின் கனவு கதையின் கடைசியில் உடைகிறது. க்ரூக்ஸின் கனவு சில நிமிஷங்கள்தான் உயிரோடு இருந்தது. கனவு காண்பதற்கும் வரிசை இருக்கிறது, அந்த வரிசையில் நிறம் பார்த்துத்தான் நிற்க வைக்கிறார்கள் என்பதை இதைவிடக் கச்சிதமாகக் காட்டிய பக்கங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கர்லியின் மனைவிக்கும் ஒரு கனவு உண்டு. சினிமாவில் சேர்த்துவிடுவதாகச் சொன்ன ஒருவன் கடிதம் போடுவதாகச் சொன்னான், வரவில்லை. அம்மாதான் திருடிவிட்டாள் என்று நம்பி, வீட்டைவிட்டு வருவதற்காகவே கர்லியைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு நாவலில் பெயரே கிடையாது. அவளை வில்லியாக எழுதிவிடாதீர்கள். க்ரூக்ஸை மிரட்டியவளும் அவள்தான், பேச்சுக்கு ஆளில்லாமல் லென்னியிடம் மனம் திறந்தவளும் அவள்தான்.

கனவு நல்லதை மட்டும் செய்கிறது என்றும் எழுதிவிட வேண்டாம். வைக்கோலில் அவள் செத்துக் கிடக்கும்போது கேண்டி ஜார்ஜிடம் கேட்பது என்ன? நாம் இரண்டு பேருமாவது அந்த நிலத்துக்குப் போகலாம் இல்லையா என்றுதான். ஜார்ஜ் பதில் சொல்வதற்குள் கேண்டியே தலையைக் குனிந்துகொள்கிறான், அவனுக்குப் புரிந்துவிடுகிறது. ஜார்ஜ் வெளியே போன பிறகு, அந்தப் பிணத்தைப் பார்த்துத் திட்டுகிறான், எல்லாவற்றையும் கெடுத்தவள் நீதான் என்று. நாயைப் பறிகொடுத்தபோது யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்த அதே கிழவன். தன்னைப்போலவே ஏமாந்த ஒருத்தியிடம் கோபத்தைக் காட்டுகிறான், கையைப் பறித்த பண்ணையிடம் காட்டவில்லை. மேலே "விபத்துபோல" என்று சொன்னது இதனால்தான். மூன்று பேரின் வாழ்நாள் சேமிப்பும் ஒரு மாசச் சம்பளத்தை நம்பி நிற்கும்போது, லென்னி எதைச் செய்திருந்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும்கூட, அந்தக் கணக்கு உடைந்திருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் வாழ வைத்தது விபத்தில் சேராது.

தலைப்பு ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தது. உழும்போது ஏர் ஒரு சுண்டெலியின் கூட்டைக் கலைத்துவிடுகிறது. அந்த எலி குளிர்காலத்துக்கு முன்யோசனையோடு கூடு கட்டியிருந்தது. கவிஞர் அதன் புத்தியைக் குறை சொல்லவில்லை, உழுதவன் என்ற முறையில் அதனிடம் வருத்தம் தெரிவிக்கிறார். நாவலையும் அந்த மனநிலையோடு படிக்க வேண்டும்.

கடைசியாக ஜார்ஜ். முதலிலிருந்தே இது நடக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது என நினைக்கிறேன், லென்னி கேட்டுக் கேட்டு நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன் என்று அவன் கேண்டியிடம் சொல்கிறான். இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, அவனே ஒத்துக்கொண்டான் என்பார்கள். உடனே அடுத்து அவன் சொல்வதையும் படியுங்கள். இனி மாசம் முழுக்க உழைத்து, 50 டாலரை வாங்கி, ஊருக்குள் போய் ஏதாவது விடுதியில் ராத்திரி முழுக்கக் கிடப்பேன் என்கிறான். கனவு போனதும் அவன் மற்ற கூலிகளைப்போல ஆகிவிடுகிறான். நிலம் கிடைக்காமல் போனது ஒரு நஷ்டம், கனவு இருந்தபோது இருந்த ஜார்ஜ் போனது அதைவிடப் பெரிய நஷ்டம். ஆற்றங்கரையில் லென்னியை எதிர்க்கரையைப் பார்க்கச் சொல்லி, அந்தப் பத்து ஏக்கரைக் கடைசித் தடவையாகச் சொல்லிக்கொண்டே சுடுகிறான். இதே இடத்தில்தான் முதல் அத்தியாயத்திலும் இதே கதையைச் சொன்னான். அப்போது லென்னிக்கு அது மனப்பாடம், நடுநடுவே எடுத்துக் கொடுத்தான். முடிவிலும் எடுத்துக் கொடுக்கிறான்.

உங்கள் கட்டுரைக்கு ஒரு யோசனை. நாவலின் கடைசி வரி கார்ல்சன் பேசுவது. நாயைச் சுட்டவன், ஜார்ஜ் எடுத்துச் சுட்டதும் அவனுடைய துப்பாக்கியைத்தான். ஜார்ஜும், விவரம் புரிந்த ஸ்லிம் என்ற கூலியும் தளர்ந்து நடந்து போவதைப் பார்த்து, இவர்களுக்கு இப்போது என்ன வருத்தம் என்று கேட்கிறான். அவன் குரூரமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறான். நிலத்தைப் பற்றிப் பேசிய இரவில் கார்ல்சன் அந்த அறையில் இல்லை. யார் யாருக்கு அந்தக் கனவைச் சொன்னார்கள், யாருக்குச் சொல்லவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அதிலேயே வந்துவிடும்.